சாய்ந்த படத்தை நிமிர்த்துகிறவர்

ரோஸ்வித்தா: இருநூத்தி இருபத்தஞ்சு யூரோ, சில்வியோ. இருநூத்தி இருபத்தஞ்சு.

சில்வியோ: ரெண்டு தடவை சொன்னா நானூத்தி அம்பது ஆயிடும், பார்த்து.

ரோஸ்வித்தா: சிரிக்காதே. ஒன்பது மணி நேரப் பொதுவேலைக்கு நீ வரல. வராத ஒவ்வொரு மணிக்கும் இருபத்தஞ்சு. இந்தத் தோட்டச் சங்கத்துல சேரும்போது சரின்னு தலையாட்டினியா இல்லியா?

சில்வியோ: ஆட்டினேன். அப்போ முழுச் சம்பளம் வந்துச்சு. இப்போ கம்பெனியில வேலை இல்லைன்னு பாதி நாள்தான் கூப்பிடுறான்.

ரோஸ்வித்தா: அதுக்கு நான் என்ன செய்ய? நான் வெறும் பொருளாளர். சனிக்கிழமை பொதுக்கூட்டம். அதுக்குள்ள கட்டலைன்னா இந்த உன் தோட்ட மனையை எடுத்து வரிசையில அடுத்து நிக்கிற ஆளுக்குக் கொடுத்துடுவார் தலைவர். எபர்ஹார்டைத்தான் உனக்குத் தெரியுமே.

சில்வியோ: தெரியாம என்ன? வேலியை டேப் வெச்சு அளந்துட்டு, ரெண்டு விரக்கடை கூடிப்போச்சுன்னு நோட்டீஸ் ஒட்டுற மனுஷன்...

ரோஸ்வித்தா: மெதுவாப் பேசு!

சில்வியோ: ஏன்? இங்க யாரு இருக்கா? நீங்க, நான், பிடுங்கப் பிடுங்க முளைக்கிற இந்தக் களை.

ரோஸ்வித்தா: ...யாருமில்ல. சும்மா சொன்னேன். நீ களையைப் பிடுங்கு.

சில்வியோ: பிடுங்கி என்ன ஆகப்போகுது? சனிக்கிழமைக்கு அப்புறம் இது வேற யாரோ ஒருத்தர் களை.

ரோஸ்வித்தா: அவ்வளவு லேசா விட்டுக்கொடுத்துடுவியா?

சில்வியோ: லேசா ஒண்ணுமில்ல, பொருளாளரம்மா. நாலாவது மாடியில இருக்கேன், பால்கனி கூடக் கிடையாது. வீட்டுல கம்ப்யூட்டரைத் திறந்தா 'அவசரம், அவசரம்'னு ஊர்ல இருக்கிறவன் எல்லாம் எழுதி வெச்சிருக்கான். இங்க தக்காளி எனக்கு ஒண்ணும் எழுதாது. அந்த ஒரு நிம்மதிதான். இதுவும் போச்சுன்னா அதையும் இழுத்து மூடிட்டுப் போயிட வேண்டியதுதான்...

ரோஸ்வித்தா: எதை மூடுவ?

சில்வியோ: ஒண்ணுமில்ல.

ரோஸ்வித்தா: சொல்லேன்ப்பா. மார்ச்சுல ஒரு சனி, ஜூன்ல ஒரு சனி, செப்டம்பர்ல ஒரு சனி. மூணு தடவையும் நாங்க சேத்துல நின்னு பாதைக்குக் கல் பரப்பினோம். கெர்ட்ரூட் கிழவி கூடத் தள்ளுவண்டி தள்ளினா. நீ எங்க போன?

சில்வியோ: வேலை செஞ்சேன். பொதுவேலைதான். ஆனா இங்க இல்ல.

ரோஸ்வித்தா: வேற தோட்டச் சங்கத்துலயா!

சில்வியோ: அய்யய்யோ, இல்ல. வீட்டுல, மேசையில.

ரோஸ்வித்தா: மேசையில என்ன பொதுவேலை? பட்டாணி உரிச்சியா?

சில்வியோ: சொன்னாப் புரியாதுன்னு சொல்ல மாட்டேன். சொன்னாச் சிரிப்பீங்க.

ரோஸ்வித்தா: நான் சங்கத்துல பதினேழு வருஷமாக் கணக்குப் பார்க்கிறேன். என் சிரிப்பு எல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு. சொல்லு.

சில்வியோ: உங்க போனைக் குறுக்காப் பிடிச்சு அந்த முட்டைக்கோஸைப் படம் எடுங்க.

ரோஸ்வித்தா: எதுக்கு?

சில்வியோ: எடுங்களேன்.

ரோஸ்வித்தா: ...எடுத்தாச்சு. நத்தை தின்ன கோஸ். இதையா காட்டணும்?

சில்வியோ: இப்போ அதை நம்ம சங்கத்தோட இணையப் பக்கத்துல ஏத்துங்க. தண்ணி மீட்டர் படம் எல்லாரும் ஏத்துவோமே, அங்க.

ரோஸ்வித்தா: இரு... கண்ணாடி எங்க... ஆங், ஏறிடுச்சு.

சில்வியோ: கோஸ் எப்படி நிக்குது?

ரோஸ்வித்தா: எப்படி நிக்கும்? நேரா நிக்குது.

சில்வியோ: நீங்க குறுக்காத்தானே பிடிச்சீங்க? யாரு நிமிர்த்தினா?

ரோஸ்வித்தா: போன்தான்.

சில்வியோ: இல்ல. போன் அதைப் படுத்த வாக்குலயே எழுதி வெச்சிருக்கு. கூடவே சின்னதா ஒரு குறிப்பு: 'தலை இந்தப் பக்கம்'னு. அந்தக் குறிப்பைப் படிச்சு யாராவது திருப்பி நிறுத்தணும். இல்லைன்னா கோஸ் கிடந்த கோலத்துலயே கிடக்கும்.

ரோஸ்வித்தா: சரி. அந்த யாராவது...

சில்வியோ: நான்.

ரோஸ்வித்தா: நீயா? என் போனுக்குள்ளயா?

சில்வியோ: போனுக்குள்ள இல்ல. படம் போய்ச் சேர்ற எடத்துல. சின்னதா ஒரு நிரல், கம்ப்யூட்டர் புரோகிராம், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்கா கல்யாணப் படம் எல்லாம் படுத்துக்கிடந்துச்சுன்னு எழுதினேன். எழுதினதை அப்படியே திறந்து வெச்சேன். யாரு வேணா பார்க்கலாம், எடுத்துக்கலாம், திருத்தலாம். காசு கிடையாது.

ரோஸ்வித்தா: எத்தனை பேர் எடுத்துக்கிட்டாங்க?

சில்வியோ: அதான் தெரியாது. யாரும் சொல்லிட்டு எடுக்கிறதில்ல. உடைஞ்சாத்தான் சொல்லுவான். வீடு வீடாப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுற நர்சுங்க, அந்தப் புண்ணைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புறாங்க இல்ல? அதுல இருக்கு. ரோட்டுல பள்ளம்னு நகராட்சிக்குப் படம் அனுப்புறோமே, அதுலயும்.

ரோஸ்வித்தா: அட... இரு. போன ஜூன்ல நாலு நாள் பாதிப் பேர் மீட்டர் படம் பக்கவாட்டுல வந்துச்சு. தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் படிச்சு எனக்குக் கழுத்துப் பிடிச்சு, எண்ணெய் தேய்ச்சுக்கிட்டுக் கிடந்தேன்.

சில்வியோ: ...அதுவும் நான்தான்.

ரோஸ்வித்தா: பாவி!

சில்வியோ: மார்ச்சுல ஒரு ஓட்டை தெரிஞ்சுது. ஒரு படத்தை வேணும்னே கோணலாச் செஞ்சு அனுப்பினா, என் நிரல் தடுமாறி உள்ள விட்டுடும். திருடன் பின்வாசல் வழியா வர்ற மாதிரி. பிர்னோங்கிற ஊர்ல படிக்கிற ஒரு பொண்ணு கண்டுபிடிச்சு எனக்கு மட்டும் ரகசியமா எழுதினா. ஊருக்குத் தெரியிறதுக்குள்ள அடைக்கணும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்தவன் ஞாயித்துக்கிழமைதான் எழுந்தேன்.

ரோஸ்வித்தா: அது பாதை போட்ட சனிக்கிழமை.

சில்வியோ: ஆமா. அடைச்ச எடத்துல வேற ஒண்ணு பிசகி இருந்துருக்கு, ஜூன் வரைக்கும் தெரியல. பழைய போன் படம் எல்லாம் மறுபடி படுத்துக்கிச்சு. ஆளாளுக்குத் திட்டு. என்ன பாஷைன்னே தெரியாத திட்டெல்லாம் வந்துச்சு. ஆனா திட்டுன்னு மட்டும் தெரிஞ்சுது.

ரோஸ்வித்தா: ஆனா ஜூன்ல நீ இடுப்பு வலின்னுதானே சொல்லி அனுப்பின?

சில்வியோ: 'ஊர்ல இருக்கிற படத்தை எல்லாம் நிமிர்த்தப் போறேன், கல் பரப்ப வரல'ன்னு சொன்னா நம்பியிருப்பீங்களா?

ரோஸ்வித்தா: குடிச்சிருக்கன்னு நினைச்சிருப்பேன்.

சில்வியோ: அதான் இடுப்பு.

ரோஸ்வித்தா: சரி, மேலதிகாரி யாரு?

சில்வியோ: யாருமில்ல.

ரோஸ்வித்தா: சம்பளம்?

சில்வியோ: கிடையாது. ஒருத்தர் ஒருதடவை மிட்டாய் டப்பா அனுப்பினார்.

ரோஸ்வித்தா: சங்கம்? பதிவு பண்ணின சங்கம்?

சில்வியோ: கிடையாது. நான், அப்புறம் தார்த்துங்கிற வெளிநாட்டு ஊர்ல காத்ரின்னு ஒருத்தங்க. அவங்க அஞ்சு வருஷமாக் கூட இருக்காங்க. பிரச்சினைன்னா ரெண்டு பேரும் பேசிக்குவோம்.

ரோஸ்வித்தா: சங்கம் இல்லாம ரெண்டு பேர் இத்தனை வருஷம் வேலை செய்றீங்களா? இந்த நாட்டுல மூணு பேர் ஒரு பஸ் நிறுத்தத்துல நின்னாலே தலைவர், செயலாளர், பொருளாளர்னு எழுதி வெச்சுடுவான்!

சில்வியோ: அங்கதான் வம்பே. சட்டத்துல பொதுநலம்னு பேர் பேராப் போட்டிருக்கு. செடி வளர்க்கிறது, இந்த மாதிரிக் குட்டித் தோட்டம், கார்னிவல் கூத்து, பொம்மை விமானம் விடுறது, நாயை வளையம் தாண்ட வைக்கிறது...

ரோஸ்வித்தா: நாய் விளையாட்டைச் சொல்லாதே. எங்க மச்சினர் அதுக்குத் தலைவர்.

சில்வியோ: நல்லா இருக்கட்டும். நாய் தாண்டினா பொதுத்தொண்டு. அதைப் படம் எடுத்து உங்க மச்சினர் அனுப்பினா, நாயை நாலு கால்ல நிறுத்துற நான் மட்டும் பொழுதுபோக்கு. இதையும் தொண்டுன்னு ஒத்துக்கோங்கன்னு பெர்லினுக்கு மனு போயிருக்கு, நிறைய பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அது வர்றப்போ வரட்டும்.

ரோஸ்வித்தா: நீ போட்டியா?

சில்வியோ: போட்டேன். ஆனா எபர்ஹார்ட் அதுவரைக்கும் காத்திருப்பாரா?

ரோஸ்வித்தா: ...அது சரி. செப்டம்பர் என்ன ஆச்சு? மார்ச் ஓட்டை, ஜூன் கழுத்துவலி. செப்டம்பர்?

சில்வியோ: செப்டம்பர்ல...

ரோஸ்வித்தா: என்ன, வாய் அடைச்சுப்போச்சு?

சில்வியோ: தூங்கினேன்.

ரோஸ்வித்தா: என்னது?

சில்வியோ: தூங்கினேங்க. ஒரு வேலையும் செய்யல. அலாரம் அடிச்சுது, அணைச்சேன். நீங்க எல்லாம் இங்க பள்ளம் வெட்டுறது தெரியும். திரும்பிப் படுத்துக்கிட்டேன். பொய் சொல்லலாம்னு பார்த்தேன், வரல.

ரோஸ்வித்தா: ஜூன்ல வந்துச்சே.

சில்வியோ: அது போன்ல. நேர்ல நீங்க இப்படிக் கண்ணாடிக்கு மேல பார்க்கும்போது வர மாட்டேங்குது.

ரோஸ்வித்தா: ஹும்... சரி, மொத்தத்துல என்ன செய்யப்போற? காசு இருக்கா?

சில்வியோ: வந்துடும்.

ரோஸ்வித்தா: எங்கிருந்து?

சில்வியோ: வருதுங்க. சனிக்கிழமைக்குள்ள மொத்தமாக் கட்டிடறேன். நீங்க கவலைப்படாதீங்க.

ரோஸ்வித்தா: இவ்வளவு நேரம் பாதிச் சம்பளம்னு அழுத?

சில்வியோ: ...ஒருத்தர் தர்றேன்னிருக்கார். ரெண்டாயிரம்.

ரோஸ்வித்தா: ரெண்டாயிரமா! எதுக்கு?

சில்வியோ: அந்த நிரலை அவரே பார்த்துக்கிறாராம். நான் களைச்சுப்போயிட்டேன்னு அவருக்குத் தெரியுது. ஆறேழு மாசமாச் சின்னச் சின்னத் திருத்தம் எல்லாம் அனுப்பினார். ரொம்பத் தன்மையான ஆள். 'நீங்க ஓய்வெடுங்க, சாவியைக் கொடுங்க, இத்தனை வருஷ உழைப்புக்கு இது என் மரியாதை'ன்னு எழுதினார்.

ரோஸ்வித்தா: சாவின்னா?

சில்வியோ: நிரல்ல புதுசா மாத்தினதை எல்லாருக்கும் அனுப்புற உரிமை. அது யார்கிட்ட இருக்கோ, அவர் அனுப்புறது நல்லதோ கெட்டதோ, அந்த நர்சுங்க கம்ப்யூட்டர்ல தானாப் போய் உட்கார்ந்துக்கும்.

ரோஸ்வித்தா: நகராட்சியிலயும்?

சில்வியோ: ஆமா.

ரோஸ்வித்தா: நம்ம சங்கத்துலயும்?

சில்வியோ: ஆமாங்க.

ரோஸ்வித்தா: அந்தத் தன்மையான ஆள் யாரு?

சில்வியோ: தெரியாது.

ரோஸ்வித்தா: ஊரு?

சில்வியோ: தெரியாது. இன்னைக்குச் சாயந்தரம் பதில் சொல்றேன்னிருக்கேன்.

ரோஸ்வித்தா: சில்வியோ, ஒண்ணு கேட்கிறேன். நம்ம தோட்டத்துக்கெல்லாம் தண்ணி வர்ற தலைக்குழாய், அதோட சாவி யார்கிட்ட இருக்கு?

சில்வியோ: மான்ஃபிரெட்கிட்ட. தண்ணிப் பொறுப்பாளர்.

ரோஸ்வித்தா: மான்ஃபிரெட் பொதுவேலைக்கு வந்து நீ பார்த்திருக்கியா?

சில்வியோ: அவருக்குத்தான் விலக்கு உண்டே. பொறுப்புல இருக்கிறவங்க மண்வெட்டி தூக்க வேண்டாம்.

ரோஸ்வித்தா: மே மாசம் திறக்கிறார், அக்டோபர்ல மூடுறார். வருஷத்துல ரெண்டு தடவை கையைத் திருப்புறதுக்கு ஒன்பது மணி நேரமும் விலக்கு. ஏன்?

சில்வியோ: திருப்புறதுக்கா விலக்கு? பனி உறைஞ்சு எங்கேயாவது குழாய் வெடிச்சா அவர்தானே ஓடணும். எந்நேரமும் மனசுல ஒரு பக்கம் அதுவே இருக்கும். அதுக்குத்தான்.

ரோஸ்வித்தா: நீயே சொல்லிட்ட. சரி, அந்த மான்ஃபிரெட் சாவியை முகம் தெரியாத ஒரு தன்மையான ஆளுக்கு ரெண்டாயிரத்துக்கு வித்தா?

சில்வியோ: ...தோலை உரிச்சிருப்போம்.

ரோஸ்வித்தா: ம்.

சில்வியோ: ஆனா மான்ஃபிரெட்டை யாரும் துரத்தல, பொருளாளரம்மா. மனையைப் பறிப்பேன்னு சொல்லல. ரெண்டையும் நான் ஒருத்தன் எப்படித் தாங்குறது? சொல்லுங்க. நேத்து ராத்திரியே 'சரி'ன்னு எழுதிட்டேன். அனுப்புற பொத்தானைத்தான் அமுக்கல.

எபர்ஹார்ட்: அந்தச் சாவிக்கு மாத்துச் சாவி இருக்கா?

சில்வியோ: யா... யாரு அது? வேலிக்கு அந்தப் பக்கம் யாரு!

ரோஸ்வித்தா: எபர்ஹார்ட்! நான் இருமினாத்தான் வாயைத் திறக்கணும்னு சொன்னேனா இல்லியா?

எபர்ஹார்ட்: இவர் பொத்தானை அமுக்கிடுவாரோன்னு பயந்துட்டேன். கவுத்த வாளி மேல எவ்வளவு நேரம்தான் உட்கார்றது? மரத்துப்போச்சு. தோட்டத் தோழர் சில்வியோ, வணக்கம். உங்க வேலி உண்மையிலேயே உயரம் கூடிப்போச்சு. இல்லைன்னா நான் தெரிஞ்சிருப்பேன்.

சில்வியோ: ஒட்டுக் கேட்டீங்களா? தலைவர் செய்யிற வேலையா இது!

ரோஸ்வித்தா: நான்தான் உட்கார வெச்சேன். இவர் எதிர்ல நின்னா நீ ஒரு வார்த்தை பேச மாட்ட. பொதுக்கூட்டத்துக்கு வந்தா உன் பாட்டுக்கு உருளைக்கிழங்கு சாலட்டைத் தின்னுட்டு மூலையில நிப்ப. விலக்கு கொடுக்கணும்னா நீ சொல்றதை நாங்க ரெண்டு பேரும் காதால கேட்டிருக்கணும். வேற வழி?

சில்வியோ: அப்போ நான் வேலை செய்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

ரோஸ்வித்தா: என்னமோ செய்றன்னு தெரியும். ராத்திரியெல்லாம் உன் வீட்டுல விளக்கு எரியுதுன்னு உன் தெருவுல இருக்கிற கெர்ட்ரூட் சொன்னா. என்னன்னுதான் தெரியல. மண்டை வெடிச்சுப்போச்சு.

எபர்ஹார்ட்: என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. மாத்துச் சாவி?

சில்வியோ: இல்லைங்க. என்கிட்ட மட்டும்தான்.

எபர்ஹார்ட்: அப்போ ராத்திரி நீங்க டிராம்ல அடிபட்டா?

ரோஸ்வித்தா: என்ன பேச்சு இது!

எபர்ஹார்ட்: முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டினவன் நான். கேட்பேன். அடிபட்டா யார் நிமிர்த்துவா?

சில்வியோ: ...யாருமில்ல.

எபர்ஹார்ட்: தண்ணிப் பொறுப்பாளருக்குத் துணைப் பொறுப்பாளர் உண்டு. அது இல்லாம பொறுப்பு ஏது? அந்தத் தார்த்து அம்மா ஆள் எப்படி?

சில்வியோ: காத்ரினைக் கேட்கிறீங்களா? என்னைவிட நிதானம். நான் அவசரத்துல அனுப்பின எத்தனையோ பிசகை நிறுத்தினவங்க. மாசம் ஒருதடவை பேசுவோம், முகம் பார்த்து. அவங்க பூனை குறுக்க வரும்.

எபர்ஹார்ட்: அவங்ககிட்ட ஒரு சாவி கொடுங்க. இந்தத் தன்மையான ஆளுக்கு இப்பவே பதில் எழுதுங்க. எங்க கண்ணு முன்னாடி.

சில்வியோ: ரெண்டாயிரம் யூரோங்க...

எபர்ஹார்ட்: தெரியும். காது நல்லாத்தான் கேட்குது.

ரோஸ்வித்தா: கஷ்டம்தான்ப்பா. நான் லேசுன்னு சொல்ல மாட்டேன்.

சில்வியோ: ...போன்லயே எழுதிட்டேன். 'இல்லை.'

ரோஸ்வித்தா: அவ்வளவுதானா? நன்றின்னு ஒரு வார்த்தை போடேன், மரியாதைக்கு.

எபர்ஹார்ட்: நன்றியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அனுப்புங்க.

சில்வியோ: ...போயிடுச்சு.

எபர்ஹார்ட்: நல்லது. இப்போ கணக்கு. மார்ச், ஜூன்: ஆறு மணி நேரம் பொறுப்பு வேலை. விலக்கு. பொருளாளர் ஒத்துக்கிறீங்களா?

ரோஸ்வித்தா: கழுத்துவலியோட ஒத்துக்கிறேன்.

எபர்ஹார்ட்: சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் நான் சொல்றேன். எதிர்க்கிறவங்க அவங்கவங்க மீட்டர் படத்தைத் தலைகீழாப் பார்த்துக்கட்டும். பொறுப்புக்கு ஒரு பேர் வேணுமே. பேர் இல்லாத பொறுப்பு நம்ம சங்கத்துல நிக்காது.

ரோஸ்வித்தா: படப் பொறுப்பாளர்.

எபர்ஹார்ட்: படப் பொறுப்பாளர். சரி. ஆனா செப்டம்பர் மூணு மணி நேரம்... தூக்கத்துக்கு விலக்கு கிடையாது.

சில்வியோ: எழுபத்தஞ்சு. இந்த மாசம் பாதி, அடுத்த மாசம் பாதின்னு...

எபர்ஹார்ட்: காசை யாரு கேட்டா? அந்தா, கீழ்ப்பாதையோரம் குழாய்ப் பள்ளம் பாதியில நிக்குது. மண்வெட்டி எடு.

சில்வியோ: இப்பவேவா?

எபர்ஹார்ட்: மூணு பேர் வெட்டினா ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒண்ணு, மொத்தம் மூணு. நானும் ரோஸ்வித்தாவும் உன் பேருக்கு வெட்டுறோம்.

ரோஸ்வித்தா: நானா? என் கழுத்து!

எபர்ஹார்ட்: பள்ளம் வெட்டக் கழுத்து எதுக்கு?

ரோஸ்வித்தா: அட, எதுக்கும் ஒரு பதில் கையிலயே வெச்சிருப்பார்... சரி, கொடுங்க அந்தச் சின்ன மண்வெட்டியை. சில்வியோ, பள்ளம் முடிஞ்சதும் உன் கடன் தீர்ந்துச்சுன்னு எழுதிடறேன். முடிஞ்சது கதை.

சில்வியோ: தலைவரே... வரிசையில அடுத்து நிக்கிறவங்க? மனை கிடைக்கப்போகுதுன்னு நம்பிக்கிட்டு இருப்பாங்களே. அவங்ககிட்ட யார் சொல்றது?

ரோஸ்வித்தா: ஆமா, அது யாருன்னு என்கிட்டயே நீங்க சொல்லலையே, எபர்ஹார்ட். அஞ்சு வருஷமாக் காத்திருக்காங்கன்னு மட்டும்தானே சொன்னீங்க?

எபர்ஹார்ட்: நான்தான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்குச் சாப்பிட வருவா. முதல்ல சூப்பைக் குடிக்க விட்டுட்டுச் சொல்லிக்கிறேன்... என் பேத்திதான். வா, வெளிச்சம் இருக்கும்போதே வெட்டுவோம்.